அபொஃபுர் வரைக்கும்

மூன்றாவது தடவையாகப் பிரேக்கை மிதிக்கச் சொன்னாள் எலக்ட்ரீஷியன் பிராகோ. சார்பொங் மிதித்தான். வண்டிக்குப் பின்னால் விளக்கைப் பார்த்துக் குந்தியிருந்தவள் "எரியுது" என்றாள். காலை எடுத்தான். "அணைஞ்சிருச்சு" என்றாள்.

எழுந்து வந்து கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னபடி எரியுது, சொன்னபடி அணையுது. இதுவரைக்கும் ஒரு குறையும் தெரியல."

எந்த டிரைவரும் தன் வண்டியில் குறை இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வான். சார்பொங்கோ காலையிலிருந்து ஒரே ஒரு குறை, எங்காவது அறுந்த ஒரு ஒயர் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

வண்டி அவனுடையது இல்லை. அஜேவா அம்மாவுடையது. குமாசி சந்தையில் துணி வியாபாரம் செய்பவர். மாதம் இரண்டு தடவை வடக்கே டமாலேவுக்குப் போய்த் தறித்துணி எடுத்துவருவார். இரண்டு மாதத்துக்கு முன் இந்த வண்டியை வாங்கியதிலிருந்து அவருக்கு அதில் பிடித்த ஒரே பொருள் க்ரூஸ் கன்ட்ரோல்தான். பொத்தானை அழுத்தினால் காலை எடுத்துவிடலாம், வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். "உன் கால் ஒரு நேரம் மாதிரி ஒரு நேரம் இருக்காது. மெஷின் அப்படி இல்ல" என்று சொல்லித் தொண்ணூறில் வைக்கச் சொல்வார்.

போன செவ்வாய்க்கிழமை டமாலேயிலிருந்து திரும்பும்போது, புயிப்பே தாண்டிய நேர்ச்சாலையில், அப்படித்தான் தொண்ணூறில் வைத்திருந்தான். இரண்டு பாதங்களும் தரையில் தட்டையாக இருந்தன. திடீரென்று டேஷ்போர்டில் க்ரூஸின் பச்சை விளக்கு அணைந்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி தொய்ந்தது. ஒட்டி வந்த லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு மண்ணில் இறங்கியது. இறங்கும்போது பின் பம்பரைச் சீவிக்கொண்டு போனது.

லாரிக்காரன் இறங்கி வந்து முதலில் சொன்னது இதுதான். "ஏன்யா நடுரோட்டுல பிரேக்கைப் போட்டே? சிவப்பு விளக்கு எரிஞ்சதை என் கண்ணால பாத்தேன்."

"நான் பிரேக்கைத் தொடவே இல்லை" என்றான் சார்பொங்.

"விளக்கு தானா எரியுமா?"

அதற்குப் பதில் சொன்னவர் அஜேவா அம்மாதான். இவன் தூங்கிவிட்டான், தலை தொங்கியதை நானே பார்த்தேன், திடுக்கிட்டு விழித்துப் பிரேக்கை மிதித்துவிட்டான் என்றார். அதையே குமாசி வந்ததும் வண்டி ஸ்டேஷனில் டிரைவர்களுக்குத் தலைவரான சேர்மனிடம் சொன்னார். சர்ச்சில் சொன்னார். சந்தையில் இடது வரிசைக்கும் வலது வரிசைக்கும் சொன்னார். தூங்குகிறவன் என்று பெயர் வாங்கிய டிரைவருக்கு இந்த ஊரில் யாரும் தள்ளுவண்டியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

சார்பொங்குக்குத் தெரிந்த ஒன்று உண்டு. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது அஜேவா அம்மாதான். கின்டாம்போ வருவதற்குள் ஒருமுறை கண்ணயர்வது அவர் வழக்கம். ஆனால் தாய் வயதுள்ள ஒருத்தரை, அதுவும் அத்தனை பேரிடம் ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு, நீங்கள்தான் தூங்கினீர்கள், நீங்கள் சொன்னது பொய் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்? வேலைக்காரன் பழியைத் திருப்பிப் போடுகிறான் என்பார்கள்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான். வண்டியை ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். குறை இல்லையென்றால் நானே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அதனால்தான் இன்று மேகசின் எனப்படும் வண்டிப் பேட்டையில், நூற்றுக்கணக்கான பட்டறைகளின் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில், பிராகோவின் தகரக் கொட்டகையில் வண்டி நின்றது. அம்மா இரண்டு மணிக்கு டமாலே கிளம்பியாக வேண்டும். சாவி கைமாறினால் வாங்கிக்கொள்ள ஆளும் வந்து உட்கார்ந்திருந்தான். லார்பி. இஸ்திரி போட்ட நீலச் சட்டை. பெஞ்சில் அமர்ந்து இலையில் கட்டிய, காராமணி போட்ட வாச்சே சாதத்தை, சட்டையில் சிந்தாமல், ஒவ்வொரு வாயாகப் பொறுமையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் வேகமா சாப்பிடேன்" என்றான் சார்பொங்.

"நீ வேகமா போ, நான் வேகமா சாப்பிடறேன்" என்றான் லார்பி. ஆனால் அவன் முகத்தில் விஷமம் இல்லை. அவனுக்கும் ஐந்து மாதமாக வண்டி இல்லை.

பிராகோவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆள் குள்ளம். அந்த வரிசையில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். காலையிலேயே சார்பொங்கை ஓட்டச்சொல்லி, மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஆஃபின்சோ சாலையில் இரண்டு தடவை போய்வந்துவிட்டாள். பச்சை விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. திரும்பிவந்து ஒயர்களை ஆட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், தண்ணீர் தெளித்துப் பார்த்தாள்.

"என்ன மாஸ்டர், முடிஞ்சுதா?" அஜேவா அம்மா நாற்காலியிலிருந்து கேட்டார். நல்ல பெரிய உடம்பு. தங்க நிறச் செருப்பு. மடியில் கைப்பை நிமிர்ந்து நின்றது.

"ஒரு விஷயம் சொல்லணும் அம்மா." பிராகோ சார்பொங்கைப் பார்க்காமல் பேசினாள். "பிரேக் ஸ்விட்ச்சுக்குள்ள ரெண்டு தொடுப்பு இருக்கு. பெடலை மிதிச்சா ஒண்ணு சேரும், பின்னாடி விளக்கு எரியும். அதே நேரம் இன்னொண்ணு விலகும், க்ரூஸ் நின்னுடும். ரெண்டுக்கும் தனித்தனி ஒயர். எங்கேயாவது ஒயர் உரசியிருந்தா விளக்கு மட்டும் எரியும். அறுந்திருந்தா க்ரூஸ் மட்டும் நிக்கும். அன்னிக்கு ரெண்டும் ஒரே நொடியில நடந்திருக்கு."

"அப்படின்னா?"

"ரெண்டு ஒயரும் பேசிவச்சுக்கிட்டுக் கெட்டுப்போகாது. அப்படின்னா ஸ்விட்ச் பொய் சொல்லல. பெடல் நிஜமாவே அசைஞ்சிருக்கு."

லார்பி இலையை மடித்தான். விரலை நக்கிவிட்டு, மெதுவாக எழுந்து கை கழுவப் போனான்.

"கேட்டியா?" என்றார் அஜேவா அம்மா. குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னப்போ நம்பல. மாஸ்டரே சொல்றாங்க."

சார்பொங்கின் கை சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டது. தன் காலைத் தானே சந்தேகப்பட்டான். ஒருவேளை தூங்கித்தான் இருந்தேனா? இல்லை. பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்தேன். தூங்குகிறவன் எப்படிப் பார்ப்பான்?

"இருங்க அம்மா, இன்னும் முடியல" என்றாள் பிராகோ. "ஸ்விட்ச்சை ஒருதடவை கழட்டிப் பாத்துடறேன். அதைத் தொடாம முடிவு சொன்னா அது வேலையில்ல."

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தாள். அவள் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ரொம்ப நேரம் அந்தக் கால்கள் அசையவில்லை. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"இங்க ஸ்விட்ச்சே இல்ல."

"என்னது?"

"பெடல் இருக்கு. பெடலுக்கு மேல ஸ்விட்ச் இருக்கணும். ஒரு ஒயர்கூட இந்தப் பக்கம் வரல." வெளியே வந்து உட்கார்ந்தாள். முடியில் தூசி. "இந்த வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம் இருந்துச்சா?"

அப்படித்தான் இருந்திருக்கும். கப்பலில் வந்து இறங்கும் வலது ஸ்டியரிங் வண்டிகளை இங்கே அப்படியே ஓட்டமுடியாது. எங்காவது ஒரு பட்டறையில் அறுத்து, ஒட்டவைத்து, இடது பக்கம் மாற்றித்தான் விற்பார்கள். அம்மா வாங்கும்போதே மாற்றிய வண்டி. எந்தப் பட்டறை என்பது விற்றவனுக்கே தெரியாது.

பிராகோ டார்ச்சோடு வலது பக்கம் போனாள். பக்கத்துச் சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே, கறுப்பு விரிப்பை வளைத்து ஒட்டியிருந்தார்கள். அதை உரித்தாள். உள்ளே கையை விட்டாள். அவள் முகம் மாறியதைச் சார்பொங் பார்த்தான்.

"சோம்பேறிப் பசங்க" என்றாள் மெல்ல. "இங்க வாங்க, எல்லாரும் பாருங்க."

இடது பெடலிலிருந்து ஒரு இரும்புக் கம்பி டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே குறுக்காக ஓடி, வலது பக்கத்திலிருந்த பழைய பெடலின் தண்டில் போய்ச் சேர்ந்திருந்தது. இங்கே மிதித்தால் அங்கே அசையும். பழைய தண்டை முழுதாக எடுக்காமல் மிதிக்கும் பட்டையை மட்டும் அறுத்துப் போட்டிருந்தார்கள். கம்பி சேர்ந்த இடத்துக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை மாதிரி அது தொங்கியது. ஒயரை நீட்டுகிற வேலை மிச்சம் என்று ஸ்விட்ச்சையும் அதன் தலையிலேயே விட்டிருந்தார்கள்.

பிராகோ ஒற்றை விரலால் அந்தக் கட்டையைத் தள்ளினாள். அரை விரல்கடை அசைந்தது. பின்னால் நின்ற லார்பி "எரியுது" என்று கத்தினான். பிறகுதான் யாருக்கு உதவுகிறோம் என்று யோசித்தவன் போல வாயை மூடிக்கொண்டான்.

உரித்த விரிப்பில், கட்டை இருந்த இடத்துக்கு நேராக, ஒரு நாணயம் அளவுக்கு மழமழவென்று தேய்ந்திருந்தது.

பிராகோ அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டாள். "செபே, அம்மா" என்றாள். பெரியவர்களிடம் சொல்லக்கூடாததைச் சொல்வதற்கு முன் கேட்கிற மன்னிப்பு அது. "செபே, இந்தச் சீட்டுல உக்கார்றவங்க காலு..."

"இந்தச் சீட்டுல உக்கார்றது நான்."

"ஆமாம்மா."

"பின்சீட்டுல உக்காந்தா எனக்குக் குமட்டும். அதனால இங்க உக்கார்றேன். என் காலுதான் பிரேக்கைப் போட்டுச்சுன்னு சொல்ல வர்றியா?"

அஜேவா அம்மா எழுந்துவந்தார். வண்டிக்குள் ஏறி, உடுத்தியிருந்த துணியைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கச் செருப்பு இரண்டும் சீட்டுக்கு அருகில், ஜோடியாக, ஒழுங்காக இருந்தன. கட்டைக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி.

"எட்டுதா?"

"எட்டலம்மா."

"நான் இப்படித்தான் உக்காந்திருந்தேன். முழிச்சுக்கிட்டு. ரோட்டைப் பாத்துக்கிட்டு. நான் முழிச்சிருந்ததாலதான் இவன் தலை தொங்கினதைப் பாத்தேன். வேணும்னா இவனையே கேளு."

எல்லாரும் சார்பொங்கைப் பார்த்தார்கள். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அம்மா, நீங்க செருப்பைக் கழட்டிட்டீங்க. காலை நீட்டி, வாயைத் திறந்து, குறட்டைகூட விட்டீங்க. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அது கோபமாக இல்லை. இவன் சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் பயந்தது.

"அம்மா, அபொஃபுர் வரைக்கும் நானே ஓட்டறேன்" என்றான். "ஒரு மணி நேரம். லார்பியும் வரட்டும். மாஸ்டரும் வரட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலைன்னா அங்கேயே சாவியைக் கொடுத்துட்டு இறங்கிக்கறேன். ட்ரோட்ரோ வேன் பிடிச்சு வந்துடுவேன்."

"அபொஃபுர் வரைக்கும்" என்றார் அம்மா. "அதுக்கு மேல ஒரு அடி கிடையாது."

லார்பியும் அம்மாவும் பைகளை ஏற்றும்போது பிராகோ ரம்பத்தை எடுத்துவந்தாள். சார்பொங் குறுக்கே நின்றான்.

"அறுக்காதே மாஸ்டர்."

"ரெண்டு நிமிஷ வேலை."

"அதை அறுத்தா கட்டை போயிடும். நான் தூங்கினேங்கிறது போகாது. அவங்க பாக்கணும்."

"அவங்க பாக்கறப்போ பின்னாடி லாரி வந்தா?"

"கண்ணாடியைப் பாத்துக்கறேன்."

பிராகோ ரம்பத்தைக் கைமாற்றிப் பிடித்தாள். "பேரு போனா வேற ஊருக்குப் போயிப் பிழைச்சுக்கலாம். வண்டிக்குள்ள நாலு பேரு இருக்கோம். பின்னாடி ஏதாவது வந்தா விளையாடாதே. எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தான். அவள் ரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். விரிப்பைப் பழையபடி அழுத்தி ஒட்டினாள். ஸ்விட்ச்சிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, பின்சீட்டில் தன் மடி வரைக்கும் கொண்டுவந்து, முனையில் சின்ன டெஸ்ட் லாம்ப்பைக் கட்டினாள். பெடல் அசைந்தால் அது எரியும்.

ஆஃபின்சோ வரைக்கும் ஒரே வேகத்தடைகள். க்ரூஸைப் போடவே முடியவில்லை. அம்மா சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். செருப்பு காலில் இருந்தது. பின்சீட்டில் லார்பி மட்டும்தான் பேசினான். "இந்த வண்டியில ஏசி நல்லா இருக்கு" என்றான். யாரும் பதில் சொல்லாததால், "என் பழைய வண்டியில கதவையே கயிறு போட்டுத்தான் கட்டுவேன்" என்றான்.

ஆஃபின்சோ தாண்டியதும் சாலை நீண்டது. இரண்டு பக்கமும் தேக்குமரங்கள். தொண்ணூறில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. காலை எடுத்துத் தரையில் வைத்தான்.

பத்து நிமிடம் போனது. இருபது. மத்தியானம் சாப்பிட்ட ஃபுஃபுக் களியும் ஏசிக் காற்றும் தங்கள் வேலையைத் தொடங்கின. முதலில் அம்மாவின் வலது செருப்பு கழன்றது. பிறகு இடது. கைப்பை மடியில் சாய்ந்தது. ஒரு பெருமூச்சு. கண்ணாடியில் பிராகோவின் கண்கள் அவன் கண்களைச் சந்தித்தன.

அபொஃபுர் எட்டு கிலோமீட்டர் என்று ஒரு கல் சொன்னது.

அம்மாவின் பாதம் விரிப்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. ஒரு முழம் இருந்த இடைவெளி ஒரு சாண் ஆனது. சாண் நாலு விரல் ஆனது. சார்பொங் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் அம்மா. இன்னும் கொஞ்சம். லார்பிகூடச் சீட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான். மூன்று பேரும் ஒரு பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சார்பொங் கண்ணாடியைப் பார்த்தான்.

கிழங்கு மூட்டைகளைக் கூரைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றிய லாரி ஒன்று, இறக்கத்தில் இரைந்துகொண்டு வந்தது. கண்ணாடி முழுக்க அதன் முகம்தான். நாற்பது அடி இருக்குமா? எதிரே பஸ் வருகிறது, லாரி விலக வழியில்லை. இப்போது வண்டி தொய்ந்தால் இது பம்பரைச் சீவிவிட்டுப் போகிற லாரி இல்லை.

விரல் விரிப்பின் மழமழப்பான வட்டத்தைத் தொட்டது.

"அம்மா" என்றான். போதவில்லை. "அம்மா, எந்திரிங்க, காலை எடுங்க."

அவர் திடுக்கிட்டு விழித்தார். பாதம் சட்டென்று பின்னால் வந்தது. பிராகோவின் மடியிலிருந்த லாம்ப் எரியவே இல்லை. பச்சை விளக்கு அணையவே இல்லை. தொண்ணூறிலேயே வண்டி போய்க்கொண்டிருந்தது. பஸ் கடந்தது. லாரி ஹாரன் அடித்தபடி விலகி, மூட்டைகள் ஆட, அவர்களைத் தாண்டிப் போனது. அதன் காற்றில் வண்டி ஒருமுறை குலுங்கியது.

அவ்வளவுதான். போய்விட்டது. அபொஃபுர் ஐந்து கிலோமீட்டர்.

"எதுக்கு எழுப்பினே?" என்றார் அம்மா. கேட்டபிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"பின்னாடி லாரி வந்துச்சும்மா."

"நான் பாக்கவே இல்ல" என்றான் லார்பி, தனக்குத்தானே சொல்வதுபோல. "நான் கீழே பாத்துக்கிட்டிருந்தேன். இவன்தான் பாத்தான்."

அம்மா குனிந்தார். கழன்று கிடந்த இரண்டு செருப்புகளைப் பார்த்தார். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தன் வெறும் பாதத்தைப் பார்த்தார், அதற்கு முன்னால் தேய்ந்துபோன அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டியும் இல்லை.

முன்னால் திரும்பி, காலை நீட்டி, பெருவிரலால் மெதுவாக அந்த வட்டத்தை அழுத்தினார்.

பிராகோவின் மடியில் லாம்ப் எரிந்தது. பச்சை விளக்கு அணைந்தது. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி தொய்ந்தது. சார்பொங்கின் இரண்டு கால்களும் தரையில் தட்டையாக இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார்.

"மறுபடியும் வை" என்றார்.

தொண்ணூறில் வைத்தான். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் தொய்ந்தது. அதற்குப் பிறகு காலை இழுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டார்.

அபொஃபுரில் சுட்ட இறைச்சி விற்கும் கடைகளுக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். சார்பொங் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். அம்மா அதை வாங்கவில்லை.

"மாஸ்டர், அந்த ரம்பம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அறுத்துப் போடு. வேர் வரைக்கும் அறு." இறங்கி நின்று கைப்பையிலிருந்து போனை எடுத்தார். சந்தையில் வரிசைக் கடைசி வரைக்கும் கேட்கிற குரலில் பேச ஆரம்பித்தார். "சேர்மன், நான் அஜேவா. அந்தச் சார்பொங் விஷயம். அவன் தூங்கல. ஆமா, நான்தான் சொன்னேன், இப்பவும் நான்தான் சொல்றேன், அவன் தூங்கல. ஸ்டேஷன்ல எத்தனை பேருகிட்டச் சொன்னியோ அத்தனை பேருகிட்டயும் இதையும் சொல்லு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "யாரு தூங்கினாங்கன்னா கேக்கறே? கண்ணை மூடினது நான். போதுமா? வை போனை."

பிறகு பின்கதவைத் திறந்தார். "லார்பி, இறங்கு. சேர்மன்கிட்ட உனக்கும் ஒரு வண்டி பாக்கச் சொல்றேன். இன்னிக்குக் கூட வா, துணி மூட்டை தூக்க ஆள் வேணும். முன்னாடி போய் உக்காரு."

"உங்களுக்குப் பின்னாடி குமட்டுமேம்மா?" என்றான் சார்பொங்.

"குமட்டட்டும்" என்றார். சீட்டில் முழுசாகச் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

முன்பக்கம் பிராகோவின் ரம்பம் இரும்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி இழுப்பில் கட்டை தரையில் விழுந்த சத்தம் கேட்டது.